சிவில் 3டி-ல தரை மாடல் போடறது எப்படி: சர்வே கோப்புல இருந்து மண் கணக்கு வரைக்கும்

ஆட்டோடெஸ்க்கோட சிவில் 3டி சாஃப்ட்வேரக் கத்துக்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்துலதான் சறுக்குறாங்க. பட்டன் எங்க இருக்குன்னு ரெண்டு நாள்ல பழகிடுது, கான்டூரும் (ஒரே உயரத்துல இருக்கற இடங்கள இணைக்கற கோடு) வந்துடுது, பாக்க அழகாவும் இருக்கு, ஆனா அந்தக் கான்டூர் தப்பு. அது தப்புன்னு தெரியாமலே எல்-செக்ஷன் (நீளவாக்குல தரையோட ஏத்த இறக்கப் படம்) போட்டு மண் கணக்கும் எடுத்துக் குடுத்துடறாங்க. அதனால இங்க ஒவ்வொரு படியையும் எதுக்கு இந்த இடத்துல செய்றோம்னு சேத்தே சொல்றேன். உதாரணத்துக்கு ஒரு கண்மாய் சர்வேய எடுத்துக்குவோம்: கரை, வாய்க்கால், மதகு, உள்வாய் (தண்ணி நிக்கிற உள்பக்கம்), சுத்தி கொஞ்சம் வயல். இதுல எல்லாச் சிக்கலும் வந்துடும்.

## 1. சாஃப்ட்வேரத் திறக்கறதுக்கு முன்னாடி

விண்டோஸ் மெஷின் வேணும், மேக்-க்குன்னு தனி வெர்ஷன் கிடையாது. படிக்கிற பிள்ளைங்களா இருந்தா ஆட்டோடெஸ்க் ஒரு வருஷத்துக்கு இலவசமாக் குடுக்குது, தகுதி இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கலாம்.

அதவிட முக்கியம் சர்வேயர்கிட்ட நாலு கேள்வி கேக்கறது. கோஆர்டினேட் லோக்கலா, இல்ல யுடிஎம்-ஆ (உலகத்த ஜோன் ஜோனாப் பிரிச்சு மீட்டர்ல எண் குடுக்கற முறை)? ஆர்எல் (லெவல், அதாவது உயரம்) எந்த பெஞ்ச்மார்க்ல (உயரம் தெரிஞ்ச குறிப்புப் புள்ளி) இருந்து எடுத்தது? கோடுகளுக்கு (code, ஒவ்வொரு பாயின்ட்டும் என்னன்னு சர்வேயர் போடற சுருக்கக் குறி) அர்த்தம் என்ன? கையால போட்ட ஸ்கெட்ச் இருக்கா? இந்த நாலாவத யாரும் கேக்கறதில்ல. எந்தப் பாயின்ட் எந்தப் பாயின்ட்டோட சேரும்ங்கறது அந்த ஸ்கெட்ச்லதான் இருக்கு, அது இல்லன்னா ஏழாவது படில முழிப்பீங்க.

டிஜிபிஎஸ்-ல (துல்லியமான ஜிபிஎஸ் சர்வே கருவி) எடுத்த லெவல்னா இன்னொரு கேள்வியும் உண்டு: இது கடல் மட்டத்துல இருந்தா, இல்ல எலிப்சாய்டு உயரமா (ஜிபிஎஸ் கணக்குக்கு வச்சுக்கற கற்பனைப் பூமி வடிவத்துல இருந்து வர்ற உயரம்)? தமிழ்நாட்டுல இந்த ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 80-ல இருந்து 100 மீட்டர் வித்தியாசம் வரும், சென்னைக் கடற்கரைல எடுத்த பாயின்ட் மைனஸ்ல நிக்கும். மைனஸ் வந்தா சுலபமாக் கண்டுபிடிச்சுடலாம், மதுரைப் பக்கம் 135-க்கு பதிலா 40-ஓ என்னவோ வந்தா யாருக்கும் சந்தேகம் வராது, அங்கதான் மாட்டிக்குவாங்க.

## 2. சர்வே கோப்பச் சுத்தம் பண்ணுங்க

டோட்டல் ஸ்டேஷன்ல (தூரமும் கோணமும் அளக்கற சர்வே மெஷின்) இருந்து வர்ற கோப்பு பெரும்பாலும் சிஎஸ்வி: பாயின்ட் நம்பர், ஈஸ்டிங், நார்த்திங், லெவல், கோடு. இத நேரா இம்போர்ட் பண்ணிடாதீங்க, முதல்ல நோட்பேட்ல திறந்து கண்ணால ஒரு தடவ பாருங்க.

எக்செல்ல திறந்து சேவ் பண்றவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். சிஎஸ்வியா சேவ் பண்ணும்போது எக்செல் திரைல தெரியிற எண்ணத்தான் எழுதும். காலத்த ரெண்டு தசமமா வச்சிருந்தீங்கன்னா மூணாவது தசமம் போச்சு, திரும்ப வராது. எண்ணுக்கு நடுவுல ஆயிரத்துக்கான கமா இருந்தா இன்னும் மோசம், ஒரு நார்த்திங் மூணு காலமா உடைஞ்சு போகும்.

லெவல் பூஜ்யமா இருக்கற வரியத் தேடுங்க. பிரிசம் (கம்பத்து மேல வைக்கற கண்ணாடி) உயரத்த மாத்த மறந்ததால சரியா 30 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர்னு தாவி நிக்கிற வரிசைகளையும் தேடுங்க, இந்தத் தப்பு தொடர்ச்சியா பத்து பதினஞ்சு ஷாட்ல (அளந்த பாயின்ட்ல) வரும், ஏன்னா பிரிசம் கம்ப நீட்டினவரு திரும்ப இறக்கற வரைக்கும் மெஷின்ல பழைய உயரம்தான் இருக்கும். இத இப்பவே பிடிக்கணும், சர்ஃபேஸ் (தரை மாடல்) ஆனப்புறம் அது ஒரு சின்ன மேடு மாதிரி நிஜமாவே தெரியும்.

நீங்களே லோக்கல் கோஆர்டினேட் ஆரம்பிக்கறதா இருந்தா 1000, 1000-னு வைக்காதீங்க. ஈஸ்டிங் 5000, நார்த்திங் 2000-னு வைங்க. ரெண்டும் இடம் மாறினா உடனே தெரிஞ்சிடும்.

## 3. டெம்ப்ளேட், யூனிட், ஜோன்

புது டிராயிங் ஆரம்பிக்கும்போது மெட்ரிக் என்சிஎஸ் டெம்ப்ளேட்ட எடுங்க. பேர்ல இம்பீரியல்னு இருக்கறத எடுத்தா எல்லாமே அடில ஓடும், ஸ்டைல், லேபிள், கான்டூர் இடைவெளி எல்லாமே அதுக்கேத்த மாதிரி இருக்கும். பின்னாடி மாத்தறதவிட புதுசா ஆரம்பிக்கறது சுலபம். சாதா ஆட்டோகேட் டெம்ப்ளேட்ல ஆரம்பிச்சா சிவில் ஸ்டைலே இருக்காது, "கான்டூர் வரமாட்டேங்குது சார்"னு வர்ற போன்ல பாதி இதுக்குத்தான்.

அடுத்து டூல்ஸ்பேஸ்ல செட்டிங்ஸ் டேப், டிராயிங் பேர் மேல ரைட் கிளிக், எடிட் டிராயிங் செட்டிங்ஸ், யூனிட்ஸ் அண்ட் ஜோன். சர்வே லோக்கல் கோஆர்டினேட்னா இங்க ஜோன் எதுவும் வைக்காதீங்க. 5000, 2000-ல இருக்கற பாயின்ட்டுக்கு யுடிஎம் ஜோன் குடுத்தா அது நம்ம ஊர்ல உக்காராது, பூமில வேற எங்கேயோ போய் விழும்.

யுடிஎம்னா எந்த ஜோன்ங்கறதுல நம்ம மாநிலத்துக்கே உரிய தொல்லை ஒண்ணு இருக்கு. 43-க்கும் 44-க்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, அது தமிழ்நாட்டு நடுவுலயே போகுது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி, ஓசூர் எல்லாம் 43. சென்னை, திருச்சி, மதுரை, சேலம், தூத்துக்குடி எல்லாம் 44. திண்டுக்கல் கோட்டு மேலயே இருக்கு, அங்க வேலைன்னா சர்வேயர் எந்த ஜோன்ல எடுத்தார்னு கேக்காம கை வைக்காதீங்க.

யுடிஎம்-ல இன்னொண்ணு, வரைபடத் தூரமும் தரைத் தூரமும் ஒண்ணு இல்ல. சென்னைல தரைல டேப் பிடிச்ச ஒரு கிலோமீட்டர், வரைபடத்துல முப்பது சென்டிமீட்டருக்கு மேல குறைச்சலா வரும். 78 டிகிரி ஓரத்துல அதுவே கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் அதிகமா வரும். சின்ன மனைக்கு இது பிரச்சனை இல்ல, ரோடுக்கும் கால்வாய்க்கும் சைட்ல மார்க்கிங் போடும்போது சங்கிலித் தூரம் ஏன் ஒத்துப்போகலன்னு மண்டைய உடைச்சுக்குவீங்க.

## 4. பாயின்ட்ட உள்ள கொண்டு வர்றது

இன்சர்ட் டேப்ல பாயின்ட்ஸ் ஃப்ரம் ஃபைல். ஃபார்மட் கேக்கும்போது நம்ம ஊர் கோப்புக்கு பெரும்பாலும் பிஇஎன்இசட்டி கமா டிலிமிட்டட்தான் பொருந்தும், அதாவது ஈஸ்டிங் முதல்ல வர்றது. பட்டியல்ல பக்கத்துலயே இருக்கற பிஎன்இஇசட்டி-ய எடுத்தா நார்த்திங் முதல்லன்னு எடுத்துக்கும், டிராயிங் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பிடும். சின்ன வேலைல இது கண்ணுக்கே தெரியாது, வடக்குப் பக்கம் இருக்கற மதகு கிழக்குப் பக்கம் போய் நிக்கும், அவ்வளவுதான்.

யுடிஎம் கோப்புன்னா ஒரு குறுக்கு வழி: தமிழ்நாட்டுல ஈஸ்டிங் ஆறு இலக்கம், நார்த்திங் ஏழு இலக்கம். ஆனா திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போனா நார்த்திங்கும் பத்து லட்சத்துக்குக் கீழ இறங்கிடும், அங்க இந்த வித்தை பலிக்காது, ஸ்கெட்ச்தான் கதி.

ஃபைல்ல தலைப்பு வரி இருந்தா தூக்கிடுங்க. இம்போர்ட் ஆனதும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் அடிங்க. எல்லாப் பாயின்ட்டும் ஒரு புள்ளியாச் சுருங்கிட்டா எங்கேயோ ஒரு பாயின்ட் ஓடிப்போயிருக்குன்னு அர்த்தம்.

ரெண்டாவது நாள் சர்வே திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருந்தா, ஏற்கெனவே அந்த நம்பர் இருக்குன்னு ஒரு பெட்டி வரும். படிக்காம ஓவர்ரைட் குடுத்துட்டு முதல் நாள் வேலைய மொத்தமாத் தொலைச்சவன் நான். ரெண்டாம் நாள் கோப்ப 1001-ல இருந்து ஆரம்பிக்கச் சொல்லி சர்வேயர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

## 5. எல்லாப் பாயின்ட்டும் தரை இல்ல

இந்தப் படியத் தாண்டிப் போறவங்கதான் அதிகம். கோப்புல கரண்ட் கம்பம், மரம், கட்டட மூலை, மதகோட இன்வர்ட் லெவல் (குழாயோட உள் அடிமட்டம்), திண்ணை மேல வச்ச டிபிஎம் (தற்காலிக பெஞ்ச்மார்க்) எல்லாம் கலந்து கிடக்கும். மொத்தத்தையும் சர்ஃபேஸ்ல போட்டா திண்ணை ஒரு குன்றாவும் குழாய் ஒரு கிணறாவும் மாறும்.

அதனால பாயின்ட் குரூப் போடுங்க. ப்ராஸ்பெக்டர்ல பாயின்ட் குரூப்ஸ் மேல ரைட் கிளிக், நியூ, பேரு "தரை". இன்க்ளூட் டேப்ல ரா டிஸ்கிரிப்ஷன் பொருத்தம்னு இருக்கற இடத்துல தரைக்கான கோடுகள மட்டும் எழுதுங்க. எத விடணும்னு பட்டியல் போடறதவிட எதச் சேக்கணும்னு போடறது நல்லது, சர்வேயர் நாளைக்குப் புதுசா ஒரு கோடு போட்டா அது தானா உள்ள நுழையாது.

டிஸ்கிரிப்ஷன் கீ (கோடப் பாத்து பாயின்ட்டுக்குத் தானா ஸ்டைல் குடுக்கற பட்டியல்) பத்தி ஒரு வரி: அது சின்ன எழுத்து பெரிய எழுத்து பாக்கும். சர்வேயர் ஒரு நாள் ஒரு மாதிரி இன்னொரு நாள் இன்னொரு மாதிரி அடிச்சிருந்தா பாதி மரம் மரமா வரும், மீதி வெறும் பெருக்கல் குறியா நிக்கும்.

## 6. சர்ஃபேஸ் போடுங்க, உடனே முக்கோணத்தத் திறங்க

ஹோம் டேப், சர்ஃபேசஸ், கிரியேட் சர்ஃபேஸ், டைப் டின், பேரு "ஈஜி" (எக்சிஸ்டிங் கிரவுண்ட், இருக்கற தரை). அப்புறம் ப்ராஸ்பெக்டர்ல ஈஜி-ய விரிச்சு, டெஃபினிஷனுக்குக் கீழ பாயின்ட் குரூப்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி "தரை" குரூப்பச் சேருங்க.

இப்ப கான்டூர் வரும். அத ரசிக்காம சர்ஃபேஸ் ஸ்டைலத் திறந்து டிஸ்ப்ளேல ட்ரையாங்கிள்ஸ ஆன் பண்ணுங்க. டின்-ங்கறது பாயின்ட்டுகள முக்கோணமா இணைச்ச வலை, கான்டூர் அந்த முக்கோணத்து மேல ஓடுற கோடு மட்டும்தான். முக்கோணம் தப்புன்னா கான்டூர எவ்வளவு வளைச்சு நெளிச்சு அழகாக்கினாலும் தப்புதான். இங்க இருந்து ஒன்பதாவது படி வரைக்கும் முக்கோணத்த அணைக்காதீங்க.

## 7. பிரேக்லைன், இங்கதான் மெனக்கெடணும்

கரைய எடுத்துக்கோங்க. கரை மேல்மட்டம் 101.80, ரெண்டு பக்க அடியும் 98.60, அடிக்கு அடி அகலம் 12 மீட்டர். பிரிசம்காரர் கரை மேல 30 மீட்டருக்கு ஒரு ஷாட் வச்சிருக்கார், அடில இடதும் வலதும் ஜோடியா, ரெண்டு மேல் ஷாட்டுக்கு நடுவுல வச்சிருக்கார். சாஃப்ட்வேருக்கு இது கரைன்னு தெரியாது, பக்கத்துல இருக்கற புள்ளிகள இணைக்கும். மேல்மட்டத்துல ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் 30 மீட்டர், அடிக்கு அடி 12 மீட்டர், அப்ப அது எத இணைக்கும்? இடது அடியையும் வலது அடியையும்தான், கரையக் குறுக்க வெட்டிட்டு. மாடல்ல கரை வரிசையாக் கூம்பு கூம்பா நிக்கும், நடுவுல எல்லாம் உடைப்பு. நெசத்துல அப்படி இருந்தா கண்மாய்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது.

பிரேக்லைன்ங்கறது "இந்தக் கோட்டத் தாண்டி முக்கோணம் போடாத"ன்னு நாம போடற வரப்பு. கரை மேல்மட்ட ரெண்டு ஓரம், ரெண்டு அடி, வாய்க்கால் மேல் ஓரம், வாய்க்கால் படுகை, ரோடு ஓரம், பெரிய வரப்பு, இதுக்கெல்லாம் போடணும்.

போடற வழி: திரிடிபாலி கட்டளை அடிங்க, ஆஸ்நாப்ல (கர்சரப் புள்ளில ஒட்ட வைக்கற வசதி) நோட் மட்டும் ஆன்ல வைங்க, ஸ்கெட்ச்சப் பாத்து பாயின்ட் பாயின்ட்டாத் தட்டிட்டுப் போங்க. முடிச்சதும் ப்ராப்பர்டீஸ்ல ரெண்டு மூணு முனையோட லெவலப் பாருங்க. பூஜ்யம்னு காட்டினா பாயின்ட் ஸ்டைல்ல 3டி ஜியாமெட்ரி டேப்ல பாயின்ட்டோட சொந்த லெவல எடுக்கச் சொல்லியிருக்கான்னு பாருங்க, தட்டையாக்கற தேர்வுல இருந்தா நோட் ஸ்நாப் லெவலத் தராது. அப்புறம் டெஃபினிஷன், பிரேக்லைன்ஸ், ஆட், டைப் ஸ்டாண்டர்ட்.

சாதா பாலிலைன வரைஞ்சு ஸ்டாண்டர்டாச் சேக்கறதுதான் புதுசா வர்றவங்களோட நம்பர் ஒன் தப்பு. அதோட லெவல் பூஜ்யம், அதனால கரை முழுக்க நூறு மீட்டர் பாதாளத்துக்குப் போயிடும், கான்டூர் எல்லாம் ஒரே கறுப்பு. வரைஞ்சது சாதா பாலிலைன்தான்னா டைப் ப்ராக்ஸிமிட்டி வைங்க, பக்கத்துல இருக்கற பாயின்ட் லெவல எடுத்துக்கும். ஆனா முனை சரியா பாயின்ட் மேல இல்லன்னா அது எந்தப் பாயின்ட்டப் பிடிக்கும்னு சொல்ல முடியாது, நான் அவசரத்துக்கு மட்டும்தான் அதத் தொடுவேன்.

செங்குத்துச் சுவருக்கு வால் பிரேக்லைன் இருக்கு. டின்-ல ஒரே எக்ஸ், ஒய்-ல ரெண்டு லெவல் நிக்காது, அதனாலதான் அதுக்குத் தனி வகை. மதகுச் சுவருக்கு இத வச்சுக்கலாம்.

ரெண்டு பிரேக்லைன் ஒண்ண ஒண்ணு வெட்டினா பனோரமா விண்டோல எச்சரிக்கை வரும். பச்சை டிக்க அமுக்கி மூடிட்டுப் போயிடறாங்க. மூடாதீங்க, அங்கேயே ஜூம் பண்ணிப் போய்ப் பாருங்க. பெரும்பாலும் கரை ஓரக் கோடு பக்கத்து அடிக் கோட்டுப் பாயின்ட்ல மாத்திக் குத்தியிருக்கும். சர்ஃபேஸ் ப்ராப்பர்டீஸ்ல வெட்டற பிரேக்லைன அனுமதிக்கற தேர்வு இருக்கு, அத வச்சா எச்சரிக்கை போயிடும், தப்பு அங்கேயேதான் இருக்கும்.

## 8. எல்லை போடறது

பிரேக்லைன் முடிச்சப்புறம்தான் எல்லை. முதல்லயே போட்டா எந்த முக்கோணம் தேவையில்லாததுன்னு தெரியாமலே வெட்டிடுவீங்க. சர்வே ஓரத்துல பாத்தா நீளமான ஒல்லி முக்கோணங்கள் வயலத் தாண்டி ஓடும், யாரும் அளக்காத இடத்துக்கு கான்டூர் போட்டிருக்கும்.

கடைசிப் பாயின்ட்டுகள ஒட்டி ஒரு மூடின பாலிலைன் வரைஞ்சு, டெஃபினிஷன், பவுண்டரீஸ், ஆட், டைப் அவுட்டர். உள்ள தண்ணி நின்னு அளக்க முடியாத இடமோ கட்டடமோ இருந்தா ஹைட். டேட்டா கிளிப்-னு ஒண்ணு இருக்கு, அது தனக்குப் பின்னாடி வர்ற டேட்டாவ மட்டும்தான் வெட்டும், அதனால அது மட்டும் வரிசைல முன்னாடி இருக்கணும். சர்ஃபேஸ் ப்ராப்பர்டீஸ் டெஃபினிஷன் டேப்ல கீழ இருக்கற பட்டியல்தான் அந்த வரிசை, அம்புக்குறியால மேல கீழ நகத்தலாம்.

## 9. சரி பாக்கறது

முதல்ல சர்ஃபேஸ் ப்ராப்பர்டீஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ். குறைஞ்ச லெவல், கூடின லெவல் ரெண்டையும் சர்வேயோட ஒப்பிடுங்க. குறைஞ்சது பூஜ்யம்னு இருந்தா இன்னும் எங்கேயோ ஒரு பூஜ்யப் பாயின்ட் ஒளிஞ்சிருக்கு. பில்ட்-ல குறிப்பிட்ட லெவலுக்குக் கீழ இருக்கறத விட்டுடுன்னு ஒரு தேர்வு இருக்கு, ஆனா நான் பாயின்ட்டயே கண்டுபிடிச்சுத் திருத்தச் சொல்லுவேன், ஒரு பாயின்ட் பூஜ்யமா இருந்தா பக்கத்துலயும் ஏதாவது கோளாறு இருக்கும்.

அப்புறம் ரைட் கிளிக், ஆப்ஜெக்ட் வியூவர். சுத்திப் பாருங்க, கரை ஒரே சீரா ஓடுதா, வாய்க்கால் நடுவுல அடைஞ்சு நிக்குதா? அங்கங்க முக்கோணம் தப்பா இருந்தா எடிட்ஸ்ல ஸ்வாப் எட்ஜ் (ரெண்டு முக்கோணத்துக்கு நடுவுல இருக்கற கோட்ட எதிர் மூலைகளுக்கு மாத்தறது). ஒண்ணு ரெண்டு இடத்துக்கு அது போதும். இருபது இடத்துல ஸ்வாப் பண்றீங்கன்னா அங்க ஒரு பிரேக்லைன் விட்டுப்போயிருக்கு, அதப் போடுங்க.

கடைசியா நான் எப்பவும் செய்றது: சர்வேயர்கிட்ட சொல்லி பத்து ஷாட்ட வேற கோடுல எடுக்க வைப்பேன், அத "தரை" குரூப்ல சேக்க மாட்டேன். சர்ஃபேஸ் முடிஞ்சதும் அந்த இடத்துல மவுஸ வச்சா மாடல் சொல்ற லெவல் தெரியும். வயல்ல அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம்னா விட்டுடலாம், கரை மேல இருபது வந்தா ஏழாவது படிக்குத் திரும்புங்க.

## 10. கான்டூரும் லேபிளும்

இப்ப முக்கோணத்த அணைச்சுக்கலாம். இடைவெளிய தரைக்குத் தக்கபடி வைங்க, தட்டையான வயலுக்கு 0.25 மீட்டர், மலைச்சரிவுக்கு 1 இல்லன்னா 2. ஸ்டைல்ல இருக்கற கான்டூர் ஸ்மூத்திங் படத்த மட்டும்தான் மாத்தும், சர்ஃபேஸத் தொடாது. எடிட்ஸ்ல இருக்கற ஸ்மூத் சர்ஃபேஸ் புதுப் பாயின்ட்டுகள உண்டாக்கும், சர்ஃபேஸே மாறிடும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

புலப்படத்த (சர்வே நம்பரோட நில அளவைப் படம்) மேல வைக்கணும்னா அலைன் கட்டளையப் பயன்படுத்துங்க, ஸ்கேல் பண்ணவான்னு கேக்கும்போது வேண்டாம்னு சொல்லுங்க. ஆமான்னு சொன்னா சர்வே நம்பரோட அளவே மாறிடும், அப்புறம் பக்கத்து நிலத்துக்காரர் வந்து நிப்பார்.

## 11. எல்-செக்ஷனும் மண் கணக்கும்

கரை நடுவுல அலைன்மென்ட் (மையக் கோடு) போட்டு, கிரியேட் சர்ஃபேஸ் ப்ரொஃபைல், ஈஜி-யச் சேத்து ப்ரொஃபைல் வியூவுக்கு அனுப்புங்க. இதுவே இன்னொரு சோதனைதான். உயர அளவு பத்து மடங்கு பெருசாத் தெரியறதால மாடல்ல கண்ணுக்குத் தப்பின பள்ளம் எல்லாம் இங்க பல்லு மாதிரி தெரியும்.

தூர்வாரற கணக்குக்கு ரெண்டு சர்ஃபேஸ் வேணும், இருக்கற தரையும் வெட்டி முடிச்ச தரையும். அனலைஸ் டேப்ல வால்யூம்ஸ் டாஷ்போர்ட், கிரியேட் நியூ வால்யூம் சர்ஃபேஸ். பேஸ் சர்ஃபேஸ் ஈஜி, கம்பாரிசன் சர்ஃபேஸ் டிசைன். மாத்தி வச்சா கட் (வெட்டு) ஃபில்லா (நிரப்பு) மாறும். ரெண்டு சர்ஃபேஸும் எந்த இடத்துல ஒண்ணு மேல ஒண்ணு இருக்கோ அங்க மட்டும்தான் கணக்கு வரும், டிசைன் சர்ஃபேஸ் கரைக்கு ரெண்டு மீட்டர் முன்னாடியே நின்னுட்டா அந்தப் பட்டை கணக்குலயே வராது.

எண் வந்ததும் காகிதத்துல ஒரு தடவ போட்டுப் பாருங்க. பத்து ஏக்கர்னா 40,470 சதுர மீட்டர், சராசரி அரை மீட்டர் வெட்டுன்னா ஏறக்குறைய 20,200 கன மீட்டர். லாரிக்காரங்க பேசற யூனிட்ல சொன்னா, ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர், அப்ப 7,100 யூனிட்டுக்கு மேல. டாஷ்போர்ட் இதுக்கு ரெண்டு மடங்கு காட்டுச்சுன்னா பில் போடறதுக்கு முன்னாடி திரும்ப முக்கோணத்த ஆன் பண்ணுங்க.

## 12. அடுத்தவங்களுக்கு அனுப்பறது

சிவில் 3டி டிராயிங்க அப்படியே அனுப்பினா, சாதா ஆட்டோகேட் வச்சிருக்கறவருக்கு கான்டூர் சரியா வராம வெறும் பெட்டியாத் தெரியலாம், பழைய வெர்ஷன் வச்சிருக்கறவராலயும் உங்க சர்ஃபேஸ எடிட் பண்ண முடியாது. படமாப் பாக்கப் போறவருக்கு சாதா ஆட்டோகேட் டிராயிங்கா எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுங்க. சர்ஃபேஸே வேணும்னு கேக்கறவருக்கு லேண்ட்எக்ஸ்எம்எல், அத வேற கம்பெனி சாஃப்ட்வேரும் படிக்கும்.

கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஜோன், பெஞ்ச்மார்க் லெவல், எந்தத் தேதி கோப்புல இருந்து போட்டது, எந்தெந்த கோடு தரைக் குரூப்ல இருக்குன்னு எழுதி வைங்க. ஆறு மாசம் கழிச்சு மழைக்கப்புறம் திரும்ப அளந்துட்டு வரும்போது அந்தக் கோப்பத் தேடப்போறது நீங்களேதான்.